படிக்காமல் போட்ட கையெழுத்து

மின்விசிறி தலைக்கு மேலே சுற்ற வேண்டிய பொருள்; தலைமேல் விழ வேண்டிய பொருள் அல்ல. இந்தச் சின்ன வித்தியாசத்தை அந்தக் கம்பெனி பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் ஒரே வருஷத்தில் பதினோரு மின்விசிறிகள் கழன்று விழுந்தன. தையல் கூடம் ஒன்றில் இரண்டு பெண்களுக்கு மண்டை உடைந்தது. ஒரு வாத்தியாருக்குத் தோள்பட்டை போனது. சோதிக்காத மின்விசிறிகளுக்கு ‘சோதிக்கப்பட்டது’ என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் எம்.டி. அதனால் நீதிமன்றம் அபராதத்தைக் கம்பெனியின் மேல் போடாமல் அவர் தலையிலேயே கட்டியது.

எம்.டி. அசரவில்லை. பெரிய நாற்காலிகளில் உட்காருபவர்கள் செய்யும் தவறுகளுக்கென்றே ஒரு இன்சூரன்ஸ் உண்டு. பிரீமியத்தைக் கம்பெனி கட்டும், தவறை அவர்கள் செய்வார்கள். வேலையை அவ்வளவு அழகாகப் பங்கு போட்டிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தவறு தெரியாமல் செய்ததாக இருக்க வேண்டும். தெரிந்தே செய்திருந்தால் சல்லிக்காசு பெயராது.

தபாலக்காவுக்குச் சனியன் பிடித்தது இந்த நிபந்தனையால்தான்.

மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து வருகிறவள் அவள். கம்பெனிக்குள் வரும் எந்தக் காகிதமும் அவளுடைய நீளமான ரெஜிஸ்டரில் ஏறாமல் படியேறாது. நம்பர், யாரிடமிருந்து, என்ன விஷயம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்று கட்டங்கள். ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு ஒல்லிக் கட்டம். அதில் எழுத அவளுக்கு இதுவரை எதுவும் வாய்த்ததில்லை. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் தபாலக்கா. ஒரு கடிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அவளுக்கு இருந்த ஒரே கர்வம்.

மின்விசிறிகள் விழத் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்னால், தரப்பிரிவு சூப்பர்வைசர் எம்.டி.க்கு ஒரு கடிதம் எழுதினார். கொக்கி பாரம் தாங்காது, சோதிக்காமல் அனுப்பாதீர்கள் என்று. அந்த மனிதரை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதத்தையும் காணோம். ஆனால் ரெஜிஸ்டரில் 2306 என்ற நம்பரும், பக்கத்தில் எம்.டி.யின் கையெழுத்தும் கல்லு மாதிரி இருந்தன.

கம்பெனி வக்கீல் அவளை மாடிக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்கம்மா. காபி சாப்பிடுறீங்களா?”

அந்த மாடியில் அவளை இதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. காபி வேறு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“எம்.டி. கையெழுத்துப் போட்டிருக்காரு. ஆனா லெட்டரைப் பார்க்கலை. ஏன் பார்க்கலை? நீங்க கையெழுத்தை வாங்கிட்டு, லெட்டரை வைக்க மறந்துட்டீங்க.”

“நான் மறக்கலையே சார்.”

“மறந்ததை மறந்திருப்பீங்க.”

வக்கீல் குரலில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார். “மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, எம்.டி.க்கு இன்சூரன்ஸ் பணம் வந்துடும். ஒரு மாசச் சம்பளம் பிடிப்போம். சர்வீஸ் புக்ல ‘அஜாக்கிரதை’ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷந்தானே இருக்கு? அதைப் பத்திரமா முடிக்க வேண்டாமா?”

“எனக்கும் அந்த இன்சூரன்ஸ் உண்டா சார்?”

“எதுக்கு?”

“தப்புக்கு.”

வக்கீல் மனசாரச் சிரித்தார். “அது பெரிய தப்புக்குத்தாம்மா. உங்களுக்கெல்லாம் சம்பளத்துலயே பிடிச்சுக்குவோம்.”

வீட்டில் கட்டில் சுவரோரமாகத் தள்ளியிருந்தது. நடுவில், ஊழியர் விலையில் வாங்கிய கம்பெனி மின்விசிறி, கீழே யாரும் இல்லாத தரைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. முட்டி தேய்ந்து பஸ் ஓட்டுவதை விட்டுவிட்ட கணவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் முட்டியைத் தடவினார்.

“எழுதிக் குடுத்துடேன். பொண்ணுக்கு நர்சிங் கடைசி வருஷம். உன் வேலையும் போச்சுன்னா நாம எங்க போறது?”

“சம்பளம் போனா போகட்டுங்க. நான் மறந்துட்டேன்னு என் கையால எப்படி எழுதுவேன்? நீங்க மறந்ததையெல்லாம் இத்தனை வருஷம் ஞாபகம் வெச்சிருக்கேன்.”

“அது எனக்குத் தெரியாதா? என் கஷ்டமே அதுதானே.”

அவள் சிரித்தாள். சிரித்த கையோடு அழுகையும் வந்தது. தோள் உடைந்த வாத்தியாரை அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆளின் தோளை உடைத்தவளே தான்தான் என்று எழுதச் சொல்கிறார்களே என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் எழுதிக் கொடுத்தாள். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினாள். வக்கீல் இரண்டு தரம் படித்துவிட்டு, “முத்து முத்தா எழுதுறீங்கம்மா. எம்.டி.கிட்ட ஒரு காப்பி குடுத்துடுங்க,” என்றார்.

எம்.டி.க்குப் போகும் காகிதமென்றால் நம்பர் போட வேண்டும். ரெஜிஸ்டரைத் திறந்தாள். 4117. யாரிடமிருந்து: தபால் பிரிவு. என்ன விஷயம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. காகிதத்தில் பொய் எழுதியாகிவிட்டது, சரி. ரெஜிஸ்டரில் எழுத அவள் கைக்குப் பழக்கமில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: ‘நான் மறக்காத ஒன்றை மறந்ததாக வக்கீல் எழுதச் சொன்ன கடிதம்.’

மாடிக்குப் போனபோது எம்.டி. போனில் யாருக்கோ நேர்மையைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருந்தார். அவர் உபதேசத்தை நிறுத்தாமலே கையை நீட்டி, ரெஜிஸ்டரை இழுத்து, கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ்காரர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எம்.டி., வக்கீல், தபாலக்கா மூவரையும் எதிரே வைத்துக்கொண்டு ரெஜிஸ்டரைப் புரட்டினார். 2306-ஐப் பார்த்தார். 4117-க்கு வந்ததும் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. சத்தமாகவே படித்தார்.

தன் வேலை போயிற்று என்று தபாலக்கா முடிவு கட்டிக்கொண்டாள். எம்.டி.யின் முகம் வெளுத்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததையும் மறைப்பானேன்.

ஆனால் வக்கீல் சும்மா வக்கீலா? ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார்.

“அந்தம்மா எழுதினதை விடுங்க சார். பக்கத்துல யார் கையெழுத்து? படிச்சுப் பார்த்திருந்தா ஒரு மனுஷன் இதுல கையெழுத்துப் போடுவாரா?”

இன்சூரன்ஸ்காரர் யோசித்தார். அவருடைய ஆபீசுக்கு வருஷா வருஷம் இந்தக் கம்பெனி கட்டும் பிரீமியத்தையும் சேர்த்து யோசித்திருப்பார் போல.

“நியாயந்தான். இவரு எதையுமே படிக்காமதான் கையெழுத்துப் போடுவாரு. அப்ப லெட்டரைக் குடுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அப்படியே எழுதிடறேன். மாசக் கடைசி வரைக்கும் உள்ள பக்கங்களோட நகல் எனக்கு வரணும். இதுக்கு மாறா அதுல ஒண்ணும் இல்லைன்னா பணம் வந்துடும்.”

எம்.டி. தன் அறியாமை நிரூபணமான பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தபாலக்காவின் கடிதம் இனித் தேவையில்லை என்று அவளிடமே திரும்பி வந்தது. சம்பளம் பிடிக்கவில்லை. சர்வீஸ் புக்கில் கறை இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தாலே பற்றிக்கொண்டும் வந்தது.

மாசக் கடைசி நாளன்று எம்.டி. விலகினார். விலக்கினார்கள் என்று சொன்னால் தப்பு. பூங்கொத்து கொடுத்தார்கள், கைதட்டினார்கள், விடைபெறும் தொகை என்று ஒரு காசோலையும் ஏற்பாடு செய்தார்கள். காசோலை தலைமை அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. தபாலக்கா அதற்கு 4260 என்று நம்பர் போட்டு, ரெஜிஸ்டரோடு மாடியேறினாள்.

எம்.டி. போனை அணைத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். காசோலையில் எண்ணால் எழுதியதைப் படித்தார், எழுத்தால் எழுதியதைப் படித்தார், பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணினார். கூட வந்த கடிதத்தை மூன்று பக்கமும் படித்தார். பிறகு ரெஜிஸ்டரை இழுத்து அவள் எழுதியிருந்த வரியையும் படித்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் ஓடியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“தொகையில ஒரு பூஜ்யம் விட்டிருக்கே. பார்த்து எழுதக் கூடாதா?”

“நீங்க பார்ப்பீங்கன்னு நினைக்கலை சார்.”

அவர் தன் பேனாவாலேயே பூஜ்யத்தைச் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டு, கீழே முழுக் கையெழுத்தையும் போட்டார்.

படியிறங்கி வந்து, குனிந்து தன் அறைக்குள் நுழைந்து, தபாலக்கா ரெஜிஸ்டரை விரித்தாள். ஓரத்து ஒல்லிக் கட்டத்தில் முத்து முத்தாக எழுதினாள்: ‘வரிக்கு வரி படித்து, பிழை திருத்திப் பெற்றுக்கொண்டார். பதினோரு நிமிடம்.’

பிறகு பக்கங்களை நகல் எடுத்து, உறையிலிட்டு, இன்சூரன்ஸ்காரரின் விலாசத்தை எழுதி ஒட்டினாள். அன்றைய தபாலில் அதைச் சேர்க்க அவள் மறக்கவில்லை.