டோக்கன் ஜன்னல்

அந்தத் தெரு டாக்டரம்மாவிடம் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்குக் கிடைத்ததே அவள் வாயில்லாப் பூச்சி என்பதால்தான். அதற்கு முன் இருந்தவள், யாருக்கு மூலம், யாருக்குக் கர்ப்பம் என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒலிபரப்பியவள். இவளுக்கு முதல் நாளே சுவரிலிருந்த பலகையைக் காட்டினார் டாக்டரம்மா. இடது பாதியில் நோயாளியின் உரிமைகள், வலது பாதியில் கடமைகள்.

"இடது பக்கம் மூணாவது வரி. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். நோயாளியைப் பற்றிய விவரம் வெளியே போகக் கூடாது என்பது அந்த வரி.

காசநோய்க்காரர்கள் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனால் மறந்துவிடுவார்கள். அதனால் ஜன்னல் முன் நின்றே விழுங்க வேண்டும், அவள் பார்க்க வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருவன் ஏசி மெக்கானிக். தண்ணீர் தொடாமல் விழுங்கிவிட்டு, சர்க்கஸ்காரன் மாதிரி வாயைத் திறந்து காட்டுவான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். கன்னத்தில் சதை பிடித்ததும் அவன் வருவதை நிறுத்திவிட்டான். பாதியில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் மருந்துக்கும் மசியாது என்று டாக்டரம்மா ஆள் அனுப்பிப் பார்த்தார். அவன் வீடு மாறிப் போயிருந்தான்.

மறுபடி அவனை அவள் பார்த்தது தன் வீட்டு நாற்காலியில். தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தான். டீத் தட்டை நீட்டியவளின் கை அப்படியே நின்றது. அவன் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டான். பிறகு முகத்தைத் திருப்பிக் கைக்குட்டைக்குள் இருமினான். அடிநெஞ்சைப் பிடுங்கி வருகிற இருமல். நாள் முழுக்க ஜன்னலில் அதைக் கேட்கிறவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அவனே ஜன்னலுக்கு வந்தான்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்க்கா" என்றான், மரியாதையாகவே. "பலகையிலயே எழுதியிருக்காங்களே."

"வலது பக்கமும் எழுதியிருக்கு. ஆரம்பிச்ச மருந்தை முடிக்கணும்னு."

"கல்யாணம் முடியட்டும். முதல் வேலையா வந்து நிக்கறேன்."

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், தம்பி டோக்கன் வாங்குகிறாரா, பொண்ணு கேட்கிறாரா என்றார். வரிசை சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வரிசை சற்றுப் பின்வாங்கியது.

டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பதாகவும், அவனை எப்படியாவது உள்ளே அழைத்து வந்தால் தானே பேசி, வீட்டில் சொல்லச் சம்மதிக்க வைப்பதாகவும் சொன்னார். அதுவரை வாய் திறக்காதே என்றார். அவன் அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு மட்டும் தவறாமல் வந்தான். பழைய ஏசி ஒன்றைச் சரிசெய்து, முன்னறையில் மாட்டிக் கொடுத்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் கதவுகளை இறுக்கிச் சாத்திவிட்டு, மாலை முழுவதும் அந்தப் பெட்டி போன்ற அறையில் அவனும் தங்கையும் பேசிச் சிரிப்பார்கள். நடுநடுவே அவன் இருமுவான். அவள் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய் ஜன்னலைத் திறப்பாள்.

"சாத்துடி. கரண்ட் பில்லை யாரு கட்டறது?" என்பாள் அம்மா.

கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்று ஒருநாள் மென்று விழுங்கிக் கேட்டாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். மூத்தவள் நிற்க இளையவளுக்கு ஆகிறதே என்று வயிறு எரிகிறதா என்று கேட்டாள். அதன் பிறகு அவள் ஜன்னலைத் திறக்கவும் போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து, இருமல் எத்தனை பேருடையது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுதான். ஒன்றுதான்.

ஒரு மாலை இரண்டு கேட்டது.

மறுநாள் காலையில் தங்கையைக் கையோடு கூட்டிப் போனாள். உள்ளே போய் டோக்கன் ஜன்னல் கதவைத் திறந்தபோது, வரிசையில் முதலாவதாக நின்றவள் தங்கைதான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போது இப்படி இளைத்தாள்?

"ரொம்ப நாளா இருமலா?"

"ஏசிக் காத்து ஒத்துக்கலைன்னு நெனச்சேன்."

அவள் கம்பியோடு முகத்தை ஒட்டினாள். வேலை போனால் போகட்டும். "குட்டி, அவரு இங்கதான் வந்து மாத்திரை முழுங்கினாரு. பாதியில விட்டுட்டாரு."

தங்கை திடுக்கிடவில்லை.

"இங்க வந்தது தெரியும்க்கா. பொண்ணு பார்த்துட்டுப் போன கையோட அவரே எங்கிட்ட சொல்லிட்டாரு. உங்க அக்கா கண் முன்னாலயே முழுங்கி முடிச்சாச்சு, இப்ப ஒண்ணுமில்லைன்னாரு. நான் லேசுல நம்பல. அதுக்கு, ஏதாவது இருந்தா கூடப் பொறந்தவ வாயை மூடிக்கிட்டு இருப்பாளான்னு கேட்டாரு."

இருமல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள்.

"நானும் தெனம் உன் மூஞ்சியப் பார்த்தேன். நீ ஒண்ணுமே சொல்லலையே."

உள்ளே டாக்டரம்மா மணியடித்தார், முதல் ஆளை அனுப்பச் சொல்லி.