மாடியில் ஒருத்தி

யூடிக்கை என் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது ரொட்டிக்கார வெஸ்ஸல் ஒரு வாரம் என்றுதான் சொன்னான். நாற்பத்து மூன்றாம் வருடம் மே மாதம் அது. எந்த ஊர் வாரத்தைச் சொன்னானோ, ஒன்பது மாதம் ஓடிவிட்டது.

அப்போது எங்கள் நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மன்காரர்கள் யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்து ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தபால் நிலையத்தில் ஸ்டாம்பு விற்பவள், ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. யூதப் பெண் ஒருத்தியை ஒளித்துவைக்க முடியுமா என்று வெஸ்ஸல் கேட்டதும் சரி என்றேன். வீரம் கீரம் ஒன்றும் கிடையாது. இருபது வருடமாக என்னிடம் வந்து யாரும் எதையும் கேட்டதில்லை, அதுதான் காரணம்.

வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்பது முதல் விதி. என் வீட்டுக்கு வருகிறவள் ஒரே ஒருத்தி, என் தங்கை ட்ரூய். நல்லவள்தான், ஆனால் வாயில் எதுவும் தங்காது. அவள் புருஷன் ஹார்ம் வேறு போலீஸ்காரன். ஜெர்மன்காரர்கள் சொன்னால் கதவைத் தட்டிக்கொண்டு போகிற வேலை. அவளை எப்படி நிறுத்துவது என்று யோசித்து, அவள் பிறந்தநாளுக்குப் போகாமல் இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தால் போகாமல் இருக்கலாம், பிறந்தநாளுக்குப் போகாமல் இருக்கக்கூடாது. ட்ரூய் அன்றோடு பேச்சை நிறுத்தினாள். நினைத்தது நடந்தது. அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

யூடிக் நாற்பது வயதுக்காரி, மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். பகலெல்லாம் மாடி அறையில் செருப்பில்லாமல் நடப்பாள். நான் வேலை முடிந்து வந்ததும் கிசுகிசுவென்று பேசுவோம். என் சமையலைக் கிண்டல் செய்வாள். "ஃபெம்மி, இந்த உருளைக்கிழங்க என்ன பாடு படுத்தினீங்க? குத்தத்த ஒத்துக்கிச்சா இல்லையா?" என்பாள். என்னை அப்படி யாரும் கேலி செய்ததில்லை. தபால் நிலையத்தில் ஸ்டாம்பை நீட்டும்போதுகூடத் தானாகச் சிரிப்பு வந்து தொலைக்கும்.

என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் கக்கூஸ் சுவரில்தான் தொங்கும். உட்கார்ந்தால் கண்ணில் படும், யாரையும் மறக்க முடியாது. என் காலண்டரில் ஐந்தாறு பெயர், அதிலும் பாதி செத்தவர்கள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் யூடிக் பேச்சுவாக்கில் தன் பிறந்தநாள் மார்ச் ஒன்பது என்றாள். நேராகப் போய் அந்தத் தேதியில் அவள் பெயரை எழுதிவிட்டு வந்தேன். யோசிக்கவே இல்லை. வீட்டு மனுஷியின் பிறந்தநாளை எழுதுவதற்கு என்ன யோசனை?

பிப்ரவரியில் என் பிறந்தநாள். மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் ட்ரூய், பின்னால் ஹார்ம், கையில் பூ. அவளாகவே கோபத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பிறந்தநாளுக்கு வந்தவர்களை வாசலோடு அனுப்ப முடியுமா? உட்காரவைத்து, காபி என்று பேர் பண்ணிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கொடுத்தேன். மேலே ஒரு பலகைகூட முனகவில்லை.

ஹார்ம் கக்கூசுக்குப் போனான். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இரண்டாவது கோப்பை வேண்டாம் என்றான், ட்ரூயைக் கிளப்பினான், வாசலில் என் கையை இறுகப் பிடித்து வாழ்த்துச் சொன்னான். கதவைச் சாத்திய பிறகுதான் காலண்டர் ஞாபகம் வந்தது. தாளைப் புரட்டிய போலீஸ்காரன் யூதப் பெயரைப் பார்த்துவிட்டான். கோட்டை மாட்டிக்கொண்டு வெஸ்ஸலிடம் ஓடினேன்.

நாலு மணிக்கு ரொட்டி வண்டி பின்வாசலில் நின்றது. யூடிக் மாவுச் சாக்குகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்ல, விதி அப்படி" என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வண்டி போன பிறகு காலண்டரை எரிக்கலாம் என்று கக்கூசுக்குப் போனேன். பிப்ரவரிக்குப் பின்னால் ஏப்ரல் இருந்தது. மார்ச் தாளை யாரோ சுத்தமாகக் கிழித்தெடுத்திருந்தார்கள். அன்றைக்கு என்னைத் தவிர அந்தக் கதவைத் திறந்தவன் ஹார்ம் ஒருவன்தான்.

திரும்ப ஓடினேன். வெஸ்ஸல் அவளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டான். அவர் எங்கே கொண்டுபோனார் என்று அவனுக்கே தெரியாது. தெரியக்கூடாது என்பதும் ஒரு விதி.

அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை ஹார்ம் தபால் நிலையத்துக்கு வந்தான். ஸ்டாம்பு கேட்டான். நீட்டிய காசுக்கு அடியில் ஒருத்தருக்கான ரேஷன் கூப்பன்கள் இருந்தன.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். தனிக்கட்டையிடம் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறான்.

"சௌக்கியம்" என்றேன்.

கூப்பன்களை வெஸ்ஸலிடம் கொடுத்தேன். ஒளிந்திருக்கிற வேறு யாருக்காவது உதவும். ஹார்மிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள், யூடிக்கை வைத்திருந்த பண்ணையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று வெஸ்ஸல் வந்து சொன்னான். அவளை ரயிலில் ஏற்றியாயிற்று. என் வீட்டுக் கதவைத் தேடி ஒருவனும் வரவில்லை, அன்றும் வரவில்லை, போர் முடிகிறவரை வரவில்லை.

அதன் பிறகு ஹார்மிடம் எப்படிச் சொல்வது? மாதாமாதம் அவன் கேட்டான், மாதாமாதம் சௌக்கியம் என்றேன். அவன் மனதில் மட்டும் அவள் இன்னும் என் மாடியில் இருந்தாள். அதையும் கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பேன், சத்தம் கேட்கக்கூடாது என்பதுபோல. பைத்தியக்காரத்தனம்தான்.

மறுவருடம் ஏப்ரலில் ஜெர்மன்காரர்களை விரட்டிக்கொண்டு கனடாப் பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். தெருவெல்லாம் ஆட்டம், பாட்டு. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ட்ரூயும் ஹார்மும் வந்தார்கள். ஹார்ம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தான். ட்ரூயிடம் அன்று காலையில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்கிட்டகூடச் சொல்லலயேக்கா" என்றாள். பிறகு, எங்கிருந்தோ தேடிப் பிடித்த நிஜக் காபித்தூளை அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கொதிக்கவைத்தாள். மேசையில் நாலு கோப்பை வைத்தாள்.

ஹார்ம் தொப்பியைக் கையில் பிடித்தபடி படிக்கட்டுக்குக் கீழே நின்றான்.

"இனிமே பயமில்ல, ஃபெம்மி. அவங்களக் கீழ கூப்பிடுங்க. ஒரு தடவ கையக் குலுக்கிக்கிறேன்."

நான் எழுந்திருக்கவில்லை. ஆனந்தத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள் ட்ரூய். அவளே படிக்கட்டருகே போய் அண்ணாந்து பார்த்து, "யூடிக், கீழ வாங்கம்மா, காபி ஆறுது" என்று உரக்கக் கூப்பிட்டாள்.

அந்த வீட்டில் அந்தப் பெயரை அதுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. நான் ட்ரூயைத் தடுக்கவில்லை. இன்னொரு தடவை அவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.