சம்பந்திகளின் கால்புண்

கண்டக்டரின் மகளை வாத்தியாரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். இருவருக்கும் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். ஒருவர் ஓடும் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவர். மற்றவர் கரும்பலகை முன்னால் நின்றே ரிடையர் ஆனவர். நின்று நின்று காலில் ரத்தக்குழாய் தளர்ந்து, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கி, தோல் கறுத்து, கடைசியில் புண்ணாகிவிட்டது. யாருடைய புண் மூத்தது என்பதில் மட்டும் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் அந்த மகள்தான். பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, புண்ணை ஆற்றக்கூடிய பிளேட்லெட் அணுக்களை மட்டும் பிரித்து ஜெல்லாக்கிப் புண்ணில் வைப்பார்கள். பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு வெறும் ஜெல். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். யாருக்கும் சந்தேகம் வராதிருக்க எல்லோரிடமும் ரத்தம் எடுப்பார்கள். எது வைத்தாலும் அதன் மேல் பாதத்திலிருந்து முழங்கால் வரை, தேங்கிய ரத்தத்தை மேலே தள்ள இறுக்கமான கட்டு உண்டு. உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்ட வாத்தியார், டாக்டர் பக்கம் சாய்ந்து, தான் மாப்பிள்ளையைப் பெற்றவர் என்பதைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை.

ரத்தம் எடுக்கும்போதே வாய்ச்சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"காபி, டீ தொடாத ரத்தம் சிஸ்டர் இது. கண்டிப்பா வேலை செய்யும்" என்றார் வாத்தியார்.

"நமக்கு டீ இல்லாம பொழுது விடியாது. அதனால நம்ம ரத்தம் கொஞ்சம் சுறுசுறுப்பாவே ஓடும், சம்பந்தி" என்றார் கண்டக்டர்.

ஜெல், கறுப்புத் தாள் சுற்றிய சிரிஞ்சில் வந்தது. அவரவர் சிரிஞ்சை விட்டுவிட்டு அடுத்தவருடையதையே இருவரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

வாரங்கள் ஓடின. வாத்தியாரின் புண் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் முளைத்து, மெல்லச் சுருங்க ஆரம்பித்தது. கண்டக்டரின் புண் மட்டும் ஆணி அடித்தாற்போல அப்படியே நின்றது. வாத்தியார் தினமும் காலையில் சம்பந்திக்குப் போன் போட்டு நலம் விசாரித்தார். விசாரிப்பு முழுக்கத் தன் காலைப் பற்றியே இருந்தது. பிளேட்லெட் தன் பக்கம்தான் வந்திருக்கிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. கண்டக்டருக்கும் இல்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

ஒருநாள் நர்ஸ் கண்டக்டரின் வேட்டியை ஒதுக்கிப் பார்த்தபோது, கட்டு முழங்காலில் நிற்காமல் கணுக்காலில் சுருண்டு கிடந்தது. வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுவதும், ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் அள்ளிச் சுற்றிக்கொள்வதுமாக இருந்திருக்கிறார். நர்ஸ் ஏன் என்று கேட்டாள்.

"நமக்கு வெச்சதே பொய் மருந்து. அதுக்கு எதுக்கு இந்த மூச்சு முட்டுற கட்டு?"

"மருந்து பொய்யோ மெய்யோ, எனக்குத் தெரியாதுங்க. கட்டு மெய்தானே?"

பக்கத்தில் நின்ற மகள் பார்த்த பார்வையில், கண்டக்டர் காலை நீட்டிவிட்டார். அன்று கட்டிய கட்டை அவர் பிறகு அவிழ்க்கவில்லை. சோபாவில் தலையணை அடுக்கி, கால் மேலே, டீ கையில் என்று மகாராஜாவாட்டம் கிடந்தார். புண் அசைந்து கொடுத்தது. வாத்தியாருக்கு முழுசாக ஆறிப் பல வாரம் கழித்து, அவருக்கும் ஆறியது.

சோதனை முடிந்து, யாருக்கு எது என்று சொல்லும் நாள் வந்தது. வாத்தியார் சலவைச் சட்டை போட்டு முன் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளேட்லெட் கிடைத்தது கண்டக்டருக்கு. வாத்தியாருக்கு வைத்தது வெறும் ஜெல்.

பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு பேருக்குத்தான் ஆறியிருந்தது. மாநாட்டில் பேச அவர் தயாராக வைத்திருந்த தலைப்பு இப்போது பொருந்தவில்லை. கட்டை அவிழ்க்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று கண்டக்டரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு, இவ்வளவு சின்னச் சோதனையில் உண்மை தெரியாது, இதைவிடப் பெரிதாக ஒன்று நடத்தப்போகிறோம் என்று அறிவித்தார்.

கண்டக்டருக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. தனக்குக் கிடைத்தது அசல் என்ற ஒரு வார்த்தை போதும். பின்தங்கி ஆறியதை மறந்து, வராந்தாவில் போவோர் வருவோருக்கெல்லாம் காலைக் காட்டினார். முதலில் ஆறிய வாத்தியாரோ பந்தியில் இலை போடாமல் விடப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் டாக்டரிடம் போய், தனக்குச் சேர வேண்டிய பிளேட்லெட்டை இப்போதாவது வைக்கச் சொன்னார். வைக்கப் புண் இல்லையே என்றார் டாக்டர்.

புண் திரும்பாமல் இருக்க இருவரும் ஆயுள் முழுக்க இறுக்கமான காலுறை போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். கொஞ்ச நாளில், வாத்தியார் வெறுங்காலோடு சமையலறை வாசலில் வெகுநேரம் நின்றுகொண்டே பேப்பர் படிப்பதை மருமகள் கவனித்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"என்ன மாமா இது, சாக்ஸ் எங்கே?"

அவர் பேப்பரை இறக்கவில்லை. "அந்தப் பெரிய சோதனைக்குப் புண் இருந்தாத்தான் சேத்துக்குவாங்களாம்மா."

அவள் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்து, எதிரே தரையில் அமர்ந்து, காலுறையை உள்பக்கம் திருப்பி விரல்களில் மாட்டினாள். ஏறுவேனா என்றது அது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"உங்க அப்பாவுக்கு மட்டும் அசல்" என்றார் அவர்.

"குதிகாலை அழுத்துங்க மாமா."

அழுத்தினார்.