வீட்டுப் படத்துக்குக் கீழே

டி.வி.எஸ். வண்டியின் மிதியில் தட்சணாமூர்த்தி காலை வைக்கவும், அவருடைய அக்கா மங்கம்மா பந்தலிலிருந்து ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

“டேய், பொண்டாட்டி பொணம் உள்ள கெடக்குது. நீ வண்டிய எடுத்துக்கினு எங்கடா கெளம்புற?”

“தோ வந்துடறேன்க்கா. அமரா கிளாசு வரைக்கும்.”

“கிளாசா? இன்னைக்கு யாருடா கிளாசு எடுக்கறா அங்க?”

சற்றுத் தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்த ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள். அமராவதியின் வகுப்பில் ஆயா வேலை பார்க்கிறவள் அவள். வந்த வேகத்தில் அமராவதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அழுகையை முடிக்காமலே எழுந்துவந்து அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

“அண்ணா, எல்லாப் பசங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன். தமிழ்நிலா மட்டும் எழுந்திரிக்க மாட்டேங்குது. காலையிலேர்ந்து தண்ணிகூட குடிக்கல. அதுங்க அம்மா மாரியம்மா விடியறதுக்குள்ள உப்பளத்துக்குப் போயிட்டா, அவளுக்கு சேதியே தெரியாது. ஆள் அனுப்பியிருக்கேன். டீச்சர் வந்தாதான் அது எழுந்திரிக்கும். வெளியாளுங்கள்ல அது மூஞ்சி பார்த்துப் பழகுனது உங்களத்தான். தெனம் டீச்சர வண்டியில கொண்டாந்து விடுவீங்கல்ல.”

அமராவதி நேற்றுச் சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. சென்னையில் படிக்கும் மகன் கௌதம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அவன் வந்த பிறகுதான் எடுப்பு. ஆகவே நேரம் இருந்தது.

நேரம் மட்டும் காரணமில்லை. அந்த வகுப்பறைக்குள் தட்சணாமூர்த்தி ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த கூடம் அது. மற்ற பள்ளிக்கூடங்களில் உட்காரவைக்க முடியாத பிள்ளைகளுக்கான வகுப்பு. அவர் கேட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். “புது ஆளப் பார்த்தா பசங்க மெரளுவாங்க, நீங்க போங்க” என்பாள் அமராவதி. ஆனால் வீட்டிலிருந்து போன சாமான் கொஞ்சமா? பழைய காலண்டர் படம், செருப்பு டப்பா, சோடா மூடி, ஜிகினா தாள், கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய பிள்ளையார். அவர் மேஸ்திரியாக இருக்கும் உப்பு லோடு கொட்டகையிலிருந்து கிழிந்த சாக்குகள்கூடப் போயின. திருவிழாப் பந்தல் மாதிரி ஜோடித்து வைத்திருப்பாள் என்று அவர் மனதுக்குள் ஒரு அறையைக் கட்டி வைத்திருந்தார். அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

ஹேண்டில்பாரிலிருந்து அக்காவின் விரல்களை மெதுவாக விலக்கினார்.

“சீக்கிரம் வந்து தொலை. அவ போட்டோ ஒண்ணு வேணும், படத்துக்கு மாலை போட. வீட்ல தேடினா ஒண்ணும் நல்லதா கெடைக்கல” என்றாள் மங்கம்மா.

கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்த தட்சணாமூர்த்தி அப்படியே நின்றுவிட்டார்.

சுவர்களில் ஒன்றுமே இல்லை. வெளிர்நீல டிஸ்டெம்பர், அவ்வளவுதான். ஒரு படம் இல்லை, ஒரு தோரணம் இல்லை. ஜன்னலின் கீழ்ப்பாதியில் கெட்டியான துணி தைத்துப் போட்டிருந்தது. தரையில் பாய்கள். ஒரு மூலையில் மட்டும், வாசல் நிலைக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு ஒரு பலகை. அதன்முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது ஒரு சின்ன முதுகு. பச்சை கவுன், எண்ணெய் தடவிய இரட்டைப் பின்னல்.

“இவ்ளோ சாமான் எடுத்தாந்தாளே, எல்லாம் எங்க?” என்றார். துக்கத்தின் நடுவில் தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆண்டாள் ஒரு திரையை விலக்கிக் காட்டினாள். தட்டுத் தட்டாகச் செருப்பு டப்பாக்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு படம் ஒட்டியிருந்தது. மீன் படம் ஒட்டிய டப்பாவை அவர் திறந்தார். துணி மீன், அட்டை மீன், காய்ந்த மீனின் வால் ஒன்று, ஜிகினாவில் வெட்டிய செதில்கள். பஸ் படம் ஒட்டிய டப்பாவில் ஒரு ஹாரன் பந்து, கிழித்த டிக்கெட்டுகள், ரெக்சின் சீட்டுத் துண்டு. சாக்கு எங்கே என்று தேடினார். சொரசொர என்று ஒரு பக்கமும், வழவழ என்று மறுபக்கமும் உள்ள ஒரு பை ஆகியிருந்தது அது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். மறுபக்கம் எதன் துணி என்று யோசித்தார். அவளுடைய பழைய பட்டு ரவிக்கை.

“மொதல்ல எல்லாத்தையும் சுவத்துலதாங்கண்ணா மாட்டுனாங்க. பார்க்கறதுக்கு அவ்ளோ ஜோரா இருந்துச்சு. ஆபீசுலேர்ந்து வந்தவங்க போட்டோல்லாம் எடுத்தாங்க. இதுதான்” என்று பலகைமுன் இருந்த சிறுமியைக் காட்டினாள், “வந்தவுடனே காதைப் பொத்திக்கிச்சு. சத்தமே இல்ல. ஆனா காதைப் பொத்திக்கிச்சு. தெனம் அப்படியே. டீச்சருக்கு புரியல. ஒருநாள் சாயங்காலம் ஒண்டியா ஒக்காந்து அந்த சுவத்தையே பார்த்துனு இருந்தாங்க. அப்புறம் எல்லாத்தையும் கழட்டிட்டாங்க. அடுத்தநாள் இது கையை எடுத்துடுச்சு.”

“படத்தப் பார்த்தா காது வலிக்குமா?”

“இதுக்கு அப்படித்தான் போல. அதுக்கப்புறம் ஒரு நேரத்துல ஒரு டப்பாதான் வெளிய வரும்.”

தட்சணாமூர்த்தி அந்த நீலச் சுவரை மறுபடி பார்த்தார். ஆணி அடித்த துளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுண்ணாம்பால் அடைத்திருந்தாள்.

பிறகு பலகைக்கு அருகே போய்க் குந்தினார். பலகையில் இரண்டு பெரிய படங்கள். ஒன்று இந்தக் கூடம், மற்றொன்று ஓலை போட்ட ஒரு வீடு. ஒவ்வொன்றின் கீழும் சின்னச் சின்ன ஆணிகள். ஆணிகளில் துளையிட்ட அட்டைகள், அட்டைகளில் பிள்ளைகளின் போட்டோக்கள். வீட்டுக்குப் போய்விட்ட எல்லோரும் வீட்டுப் படத்துக்குக் கீழே தொங்கினார்கள். கூடத்தின் கீழே இரண்டு பேர்தான் இருந்தார்கள். தமிழ்நிலாவும் அமராவதியும்.

அந்த போட்டோவில் அமராவதி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி பாதி படத்துக்கு வெளியே போயிருந்தது. படம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. இப்படி அவள் சிரித்து ஒரு போட்டோ வீட்டில் இல்லை.

“இது யாரு எடுத்தது?”

“ராஜ்கமல்னு நம்ம பையன் ஒருத்தன். கேமராவ கையில குடுத்து, அமுக்குடான்னாங்க. வேற நல்ல போட்டோ மாட்டலாம் டீச்சர்னேன். இதுவே இருக்கட்டும்னுட்டாங்க.”

அவர் கையை நீட்டியதும் தமிழ்நிலாவின் விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. பலமான பிடி. முகத்தை அவள் பார்க்கவில்லை. அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“யாரையும் தொட விடாதுங்க. காலையில வந்ததும் அதுவே டீச்சர் போட்டோவ இங்க மாட்டிடுச்சு. நான் எடுத்து வீட்டுக்குக் கீழ மாட்டினேன், கடிச்சிட்டு திருப்பி இங்கயே மாட்டிடுச்சு” என்று ஆண்டாள் கையின் பல்தடத்தைக் காட்டினாள். “இங்க போட்டோ இருந்தா ஆளு இங்க இருக்கணும். அதான் அதோட கணக்கு. செத்தா எங்க மாட்டறதுன்னு...”

தட்சணாமூர்த்தி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படம்தான். இங்கே, இல்லாவிட்டால் வீட்டில். மூன்றாவதாக ஒரு படம் இல்லை. செருப்பு டப்பாக்கள் அத்தனையையும் திறந்தாலும் இருக்கப்போவதில்லை.

“தமிழ்நிலா, டீச்சர் வீட்ல இருக்காங்கம்மா” என்றார்.

சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்பது அவருக்குப் புரிந்தது. மத்தியானம் வரைக்கும் அது நிஜம்.

“வீட்ல இருக்காங்க. வண்டியில போலாமா?”

கையை அவர் இழுக்கவில்லை. அவளும் விடவில்லை. வெளியே ஒரு உப்பு லாரி கியர் மாற்றிப் போனது. அவள் அவர் கைக்கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்து, வாசலுக்கு வெளியே நின்ற டி.வி.எஸ்.ஸைப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். பின்சீட்டு காலியாக இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டை விட்டுவிட்டு, தன் போட்டோவைக் கழற்றி வீட்டுப் படத்துக்குக் கீழே மாட்டினாள். அமராவதியையும் கழற்றினாள். அட்டையின் ஓரத்தைக் கவுனில் துடைத்து, தன் பக்கத்து ஆணியில் மாட்டினாள். எழுந்து போய் வண்டியருகே நின்றாள்.

ஆண்டாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்சணாமூர்த்தி போட்டோவை எடுக்கவில்லை. அக்காவுக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

வழியெல்லாம் அவள் அவர் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்திருந்தாள். தெரு முனை வந்தது. பறைச் சத்தம் அலைபோல வந்து மோதியது. முதுகிலிருந்த பிடி சட்டென்று விட்டுப்போனது. அவர் காலை ஊன்றி வண்டியை நிறுத்தித் திரும்பினார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சீட்டின்மேல் சுருண்டிருந்தாள். தொண்டையிலிருந்து ஒரே சீராக ஒரு ஒலி வந்தது.

பின்னால் சைக்கிளில் வந்த ஆண்டாளிடம் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு தட்சணாமூர்த்தி ஏறக்குறைய ஓடினார். பறைக்காரர் குழந்தைசாமி அப்போதுதான் வைக்கோல் நெருப்பில் பறையைக் காய்ச்சிவிட்டு அடிக்க ஆரம்பித்திருந்தார். கை காட்டியதும் நிறுத்தினார்.

“இன்னாங்க, எதனா கொறையா?”

“கொறை ஒண்ணும் இல்ல. கொஞ்சம் நிறுத்தணும்.”

“இப்பதாங்க சூடேத்துனேன்.”

“ஒரு பாப்பா வந்திருக்குது. அமரா கிட்ட படிக்கிற பாப்பா. சத்தம் ஆகாது அதுக்கு.”

மங்கம்மா எழுந்து வந்துவிட்டாள். “உனக்கு புத்தி கித்தி பெசகிடுச்சா? மோளம் இல்லாம கெடந்தா நாதியத்த பொணம்னு ஊரே பேசும். மவராசியா போறா அவ.”

“பேசட்டும்க்கா.”

“ஊராமூட்டுப் புள்ளைக்காகவா?”

“அமராவுக்காக” என்றார்.

குழந்தைசாமி தெரு முனையை எட்டிப் பார்த்தார். பறையைத் தோளிலிருந்து இறக்கி மண்ணில் கவிழ்த்து வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

பெண்களின் ஒப்பாரியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சிறுமி ஆண்டாளின் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தபோது அது தானாகத் தணிந்தது. அவள் நேராக அமராவதியைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் போனாள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணியைப் பார்த்தாள். மூக்கிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். அமராவதியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள், பிறகு தன் கன்னத்தைத் தொட்டாள். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. மங்கம்மா கையை நீட்டியபோது, “இருக்கட்டும்க்கா, பாக்கட்டும்” என்றார் தட்சணாமூர்த்தி.

விரலை முகர்ந்தாள். கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்த கால்பக்கம் போனாள், அந்த முடிச்சைக் கூர்ந்து பார்த்தாள், திரும்பித் தலைமாட்டுக்கு வந்தாள். என்ன புரிந்துகொள்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. அமராவதியிடம் கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பாள், இல்லை, எனக்கும் தெரியாது என்று சிரித்திருப்பாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்தாள். ஆண்டாள் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தாள்.

மாரியம்மாள் அளத்திலிருந்து ஓடிவந்தாள். முழங்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. “ஐயோ டீச்சரம்மா” என்று விழப்போனவள், மகள் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கௌதம் வந்தான். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், பாடையைத் தூக்கினார்கள். குழந்தைசாமி பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தட்சணாமூர்த்தியைப் பார்த்தார்.

“தெருக்கோடி தாண்டட்டும். அந்தப் பாப்பா அங்க நின்னுடும்.”

“அப்பா?” என்றான் கௌதம்.

“அப்புறம் சொல்றேன்பா. நட.”

தெருக்கோடியில் பெண்கள் நின்றார்கள். ஊர்வலம் அளத்துக் கரைமேல் ஏறியது. இருபுறமும் பாத்திகள். மரமில்லை, வீடில்லை, மறைக்க ஒன்றுமில்லை. குழந்தைசாமி குச்சியைக் கையில் எடுத்தபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெண்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை கவுன் மட்டும் அங்கேயே நின்றது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். அப்போதும் தெரிந்தது. குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முன்னால் போனவர் பொரியை அள்ளி இறைத்தார். தட்சணாமூர்த்தி தலையைச் சற்றுச் சாய்த்தார். எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறார், பொரி விழும் சத்தத்தை அவர் கேட்டதில்லை. உப்புப் பொருக்கு பிடித்த மண்ணில் அது மெல்லச் சரசரத்தது, நின்றது, மறுபடி சரசரத்தது.