மூடிய கண்ணின் நிறம்

சுடலையின் வலது கை பிரஸ் மிஷினில் போன மறுநாள், பகலவன் அவனுடைய பறவைக் கூண்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

சுடலைக்குக் கயத்தாறுப் பக்கம் ஊர். வல்லம் வடகாலில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பகலவன் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். சுடலையோடு அறையில் தங்கியிருந்தவர்கள் ஆளுக்கொரு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவன் போன் செய்து, "பறவைக்குத் தண்ணி வைக்க ஆள் இல்லண்ணே" என்றதும் பகலவன் ஆட்டோ பிடித்துப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

கம்பிக் கூண்டுக்குள் ஒரு மஞ்சள் லவ் பேர்ட்ஸ் உட்கார்ந்திருந்தது. அதன் கண் சிவப்பு. மூலையில் கட்டியிருந்த மண்கலயத்துக்குள் பச்சை நிறப் பெட்டை முட்டைகளின் மேல் படுத்திருந்தது. வழியெல்லாம் கலயம் ஆடாமல் கூண்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இன்னாய்யா இது?" என்றாள் அவன் மனைவி செந்தாமரை.

"சுடலையோடது. அவன் வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

அவள் பால்கனியில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து இடம் செய்துகொடுத்தாள்.

மிஷினின் மேல்பாகம் எழும்பியதும் சுடலையைப் பின்னாலிருந்து தாங்கி இழுத்தவன் பகலவன்தான். அதன்பிறகு அவன் கைகழுவினான், ஆம்புலன்ஸில் கூடவே போனான், வீட்டுக்கு வந்து குளித்தான், சாப்பிட்டான், படுத்ததும் தூங்கிப்போனான். செந்தாமரை பயந்தது அதற்குத்தான். அழுதிருந்தால், குடித்துவிட்டு வந்திருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். அவன் ஒவ்வொரு நாளும் நன்றாகத் தூங்கினான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். அவ்வளவுதான்.

சுடலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். குரல் வறண்டிருந்தது.

"அண்ணே, பொட்டை கலயத்தை விட்டு வெளிய வருதா?"

"திங்கறதுக்கு மட்டும் வருது."

"அப்பம் சரி. தினை போடுதீயளா?"

"போடறேன்."

"பறவைக் கடையில கடல்நுரை ஓடு ஒண்ணு வாங்கிக் கம்பியில சொருவி விடுங்க. முட்டைபோட்ட பொட்டைக்கு அந்தச் சுண்ணாம்புச் சத்து வேணும்."

கை எப்படி இருக்கிறது என்று பகலவன் கேட்கவில்லை. கையைப் பற்றிச் சுடலையும் பேசவில்லை. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று கம்பெனியில் கேள்விப்பட்டிருந்தான்.

மறுவாரம் சுடலையின் அம்மா பேச்சி வந்து மகனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்தும் போன் வந்துகொண்டிருந்தது. முட்டை பொரிந்துவிட்டது என்று பகலவன் சொன்னபோதுதான் சுடலையின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது.

"எத்தனண்ணே?"

"நாலு. ஒரு முட்டை கூழாப்பூடுச்சு."

"நாலையும் பாத்து கண்ணு என்ன நெறம்னு சொல்லுங்க."

"கண்ணே தொறக்கலயே."

"தொறக்க வேண்டாம்ணே. மூடியிருக்க தோலுக்கு அடியில தெரியும். கறுப்பாத் தெரிஞ்சா பச்சைக்குஞ்சு. இளஞ்செவப்பாத் தெரிஞ்சா மஞ்சக்குஞ்சு."

பகலவன் செல்போன் விளக்கைக் கலயத்துக்குள் அடித்தான். சதைத்துண்டு போல நான்கு குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. தலைதான் பெரிது. பெட்டை அவன் விரலைக் கொத்தியது. அவன் கையை எடுக்காமல் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தான்.

"கறுப்பு. கறுப்பு. இது செவப்பு. இதுவும் கறுப்பு."

"அப்பம் மூணு பச்சை, ஒரு மஞ்சள். மூணும் ஆணு, மஞ்சள் பொட்டை."

"இப்பவே எப்டி சொல்ற?"

"அப்பன் மஞ்சளா இருந்து ஆத்தா பச்சையா இருந்தா, பொட்டைப் பிள்ளைய எல்லாம் அப்பனை உரிச்சுக்கிட்டுப் பொறக்கும். பயலுவ எல்லாம் ஆத்தா நெறம். இதுவரைக்கும் எனக்குத் தப்புனதில்லண்ணே."

போனை வைத்தபிறகும் பகலவன் அங்கேயே குந்தியிருந்தான். விரலில் ரத்தம் கசிந்திருந்ததைச் செந்தாமரைதான் பார்த்துச் சொன்னாள்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் மனிதவள அதிகாரியும், ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கனிவாகத்தான் பேசினார்.

"நீங்க லைன்ல இருந்தீங்க, பகலவன். அந்தப் பையன் அவசரப்பட்டுக் கையை உள்ள விட்டுட்டாரு. சென்சார் ஆன்ல இருந்துச்சு. இத மட்டும் நீங்க சொன்னா போதும்."

கை உள்ளே போனால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதற்குத்தான் சென்சார். அது சும்மா சும்மா மிஷினை நிறுத்தி, உற்பத்தி குறைகிறது என்று மேலிருந்து சொல்லித் துண்டித்துவைத்திருந்தார்கள். சரிசெய்யச் சொல்லிப் பகலவன் இரண்டு தடவை கேட்டிருந்தான். இப்படியே ஓட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

இந்த அறைக்கு வருவதற்கு முன்னால் பகலவன் பலதையும் நினைத்துப் பயந்திருக்க வேண்டும். மகளுடைய காலேஜ், வீட்டுக்கடன், இந்த வயதில் வேறு வேலை. ஆனால் எதுவும் அவன் மனதுக்குள் வரவில்லை. கலயத்துக்குள் விளக்கடித்துப் பார்த்ததைச் சொன்ன அதே குரலில் சொன்னான்.

"சென்சார் ஆஃப்ல இருந்துச்சு சார். கட் பண்ணிட்டு ஓட்டச் சொன்னாங்க."

"யோசிச்சுப் பேசுங்க."

"பாத்தத சொல்றேன் சார்."

ஒப்பந்தக்காரரின் ஆள் பேனாவை மூடி வைத்தார். அடுத்த வாரமே பகலவனை லைனிலிருந்து ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். வெயிலில் நின்று இரும்புத்தூள் மூட்டைகளைப் பார்க்கிற வேலை. அதிலும் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவன் சொன்னதைச் சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்த்தார். சுடலைமேல் போட்ட கவனக்குறைவுப் பழி நிற்கவில்லை. செந்தாமரைக்கு விஷயம் பக்கத்து வீட்டு எழிலரசி மூலம்தான் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லணும்னு தோணல."

"உனக்கு இப்போ இன்னாதான் தோணுது?"

அவன் பால்கனியைப் பார்த்தான். "அந்த நாலாவது குஞ்சு பச்சையா இல்ல" என்றான்.

உண்மைதான். முளைக்குருத்து போல இறகு விட்டபோது இரண்டு குஞ்சுகள் பச்சையாகவும், ஒன்று மஞ்சளாகவும் வந்தன. கறுப்புக் கண்ணுக்காரன் ஒருவன் மட்டும் வானத்து நீலத்தில் இருந்தான். பகலவன் படம் எடுத்து அனுப்பினான். உடனே சுடலை வீடியோ காலில் வந்தான்.

"அண்ணே! காட்டுங்க காட்டுங்க. கிட்டக்க கொண்டாங்க."

பகலவன் காட்டினான்.

"நீலம்லா! எனக்கே தப்பிட்டுண்ணே. அப்பன்கிட்ட ஒண்ணு, ஆத்தாகிட்ட ஒண்ணு, ரெண்டு பேருக்குள்ளயும் நீலம் ஒளிஞ்சு கெடந்திருக்கு. ரெண்டுபக்கமும் சேந்து வந்தாத்தான் வெளிய தெரியும். பாத்தீயளா, இத்தன வருசமா காட்டிக்கிடவே இல்ல!"

சுடலை சிரித்தான். பின்னாலிருந்து பேச்சியின் குரல் கேட்டது: "யாருகிட்டப்பா சிரிக்க?" அவள் திரைக்குள் எட்டிப் பார்த்துப் பகலவனைக் கும்பிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப்போனாள். விபத்துக்குப் பிறகு தான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று சுடலை பிறகு சொன்னான்.

குஞ்சுகள் கலயத்தை விட்டு வெளியே வந்து தாமாகத் தினை கொறிக்க ஆரம்பித்தபோது, சுடலை கூண்டை எடுத்துப்போக வந்தான். முழுக்கைச் சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். செந்தாமரை சோறு போட்டாள். அவன் இடது கையில் கரண்டி பிடித்து மெதுவாகச் சாப்பிட்டான். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் சுடலை கூண்டுக்குள் இடது கையை விட்டு நீலக்குஞ்சைப் பிடித்தான். அது கடித்தது. அவன் விடவில்லை.

"ஊர்ல நாலு ஜோடி வச்சு வளக்கலாம்னு இருக்கேன்ணே. இவனுக்கு ஒரு நீலப் பொட்டை பாக்கணும். ரெண்டும் நீலமாயிருந்தா குஞ்சு பச்சையா வரவே வராது."

"மஞ்சள்?"

"வராது. வெள்ளை வேணா வரலாம்."

பகலவன் தலையாட்டினான். ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் கூண்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான். செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போய், அங்கே ஊர் வண்டி பிடிக்க வேண்டும். பிளாட்பாரத்தில் ஷிஃப்ட் முடிந்து போகிற கூட்டம் நிறைய இருந்தது. கூண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

சுடலை முன்னால் பார்த்தபடி கேட்டான். "அண்ணே, அன்னைக்கு நான் கத்துனனா?"

"இல்ல."

"எனக்கு ஞாபகமே இல்ல. அம்மா கேக்கா, எனக்குச் சொல்லத் தெரியல."

"கத்தல. என்னப் பாத்து, 'அண்ணே, மிஷின் நின்னுட்டா?'னு கேட்ட. அப்புறம் சாஞ்சுட்ட. நான் புடிச்சுக்கினேன்."

"நீங்கதான் புடிச்சீயளா?"

"நான்தான்."

சுடலை தன் இடது கையைக் கூண்டைச் சுற்றி நீட்டிப் பகலவனின் முழங்காலில் வைத்தான். பகலவன் அந்தக் கையைப் பார்த்தான். அதன்மேல் தன் கையை வைக்க வேண்டும் என்று நினைத்தான். வைக்க முடியவில்லை. ரயில் வந்தது. கூண்டை உள்ளே ஏற்றிக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றவர்களிடம், "கொஞ்சம் பாத்து நில்லுங்க, குஞ்சுங்க கீது" என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ரயில் நகர்ந்தபிறகும் பகலவன் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அடுத்த ரயிலுக்கு வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.