அம்மாவின் டெலிபோன் குரல்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது தம்பி, ஆமோதித்தது அந்த அடுக்குமாடியின் மூன்று தளங்களும். கீழ்வீட்டுக்காரர் எதற்காகத் தன் மனைவியோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் அந்தப் பதினோரு வயதுக்காரியிடம் கேட்டால் கிடைக்கும். அப்பேர்ப்பட்டவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடமாக வாயே திறக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இங்கிலீஷ் வராமல் இல்லை. கூத்தே அங்கேதான். சலவைக்கடையில் துணி பிரித்துத் தைக்கிற அம்மாவுக்கும், பேக்கரியில் மாவு பிசைகிற அப்பாவுக்கும் 'யெஸ்', 'ஓகே' தாண்டி இங்கிலீஷ் ஓடாது. ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கரண்ட் ஆபீஸ், கேஸ் ஆபீஸ், பல் டாக்டர் எல்லோருக்கும் போன் போட்டு, "வீட்டம்மா பேசுகிறேன்" என்று குரலைக் கனமாக்கிப் பேசுவது இவள்தான். எதிர்முனையில் என்ன காதில் விழுந்ததோ அதைத்தான் கற்றுக்கொண்டாள். ஆக, தெரிந்ததெல்லாம் ஆபீஸ் இங்கிலீஷ்.

பள்ளியில் முதல் வாரம் பக்கத்துப் பெண் ரப்பர் கேட்டாள். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் கிடைக்கும்" என்றாள் இவள். வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. அன்றைக்கு அணைந்ததுதான் ரேடியோ.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அம்மா, "எடுடி, எந்த ஆபீஸோ" என்றாள்.

எடுத்தால், வகுப்பு டீச்சர்! "உங்கள் மகள் பேசுவதே இல்லை. இப்படியே போனால் ஒரு வகுப்பு கீழே இறக்க வேண்டியிருக்கும்."

கீழ் வகுப்பில் இருப்பது தம்பி. அவன் பக்கத்தில் போய் உட்கார்வதா? குரல் தானாகக் கனத்தது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உடனடி நடவடிக்கை எடுக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி."

டீச்சர் அசந்துபோனார். "நீங்கள் இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே! வெள்ளிக்கிழமை நேரில் வாருங்கள்."

ரேடியோவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை டீச்சர் உன்ன வரச் சொன்னாங்க. ஆனா அந்த ஸ்கூல்ல பெத்தவங்க பேசக் கூடாது. தலைய மட்டும் ஆட்டணும்."

"அடக்கமான ஸ்கூல்தான்" என்றாள் அம்மா, பொருமலோடு.

வெள்ளிக்கிழமை, இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டோடு அம்மா மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். டீச்சர் ஏதோ கேட்டார், ஆட்டினாள். இன்னொன்று கேட்டார், ஆட்டினாள். "அப்படியானால் மகளைக் கீழ் வகுப்புக்கு மாற்றிவிடலாமா?"

அம்மா இன்னும் நன்றாக ஆட்டினாள். உற்சாகத்தில் "யெஸ், ஓகே!" என்றும் போட்டாள். டீச்சர் மாற்றல் படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

"மன்னிக்கவும்!" ரேடியோ பாய்ந்து எழுந்தாள். "அந்தப் பதிலை உடனடியாக ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்!"

பேனா நின்றது. இந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று டீச்சர் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினாள். "பேசக் கூடாதுன்ன? நீ மட்டும் என்னடி வாயடிக்கிற?"

உண்மை வெளியே வந்தது, தலை குனிந்தபடி.

"என் குரல்லயா பேசின? நான் என்ன சொன்னேன்?"

"நீ சாரி சொன்னம்மா. பொறுமைக்கு நன்றின்னும் சொன்ன."

"நானா? உங்கப்பாகிட்டயே நான் ஒரு நாள் சாரி சொன்னதில்ல! என் மானத்தையே வாங்கிட்டியேடி!"

"அம்மா என்ன சொல்கிறார்?" என்றார் டீச்சர்.

ரேடியோ தேடிப் பார்த்தாள். இதற்கு எந்த ஆபீஸிலும் வாக்கியம் இல்லை. "எங்க அம்மா சாரி சொல்ல மாட்டாங்க. அப்பாகிட்டகூடச் சொன்னதில்லையாம்."

டீச்சர் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். நிமிர்ந்ததும் அந்தப் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

இப்போதெல்லாம் அந்த வகுப்பில் ரேடியோவை அடக்குவதுதான் பாடாக இருக்கிறதாம். கீழ்வீட்டுக்காரர் மனைவியோடு ஏன் பேசுவதில்லை என்பது முப்பது பிள்ளைகளுக்கும் தெரியும், இங்கிலீஷில்.