நல்ல நாள் பார்த்து

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ரேடியோவை மேசைமேல் வைத்ததும், அதன் அடியிலிருந்து நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பட்டியை உருவப் போனார் நெடுமாறன். செல்வி சட்டென்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அஷ்டமிண்ணா. புதுப் பொருள இன்னிக்கா தொடங்குவாங்க? நாளைக்கு ஆயுத பூஜ. சாமிகிட்ட வச்சி, நல்ல நேரம் பாத்து நானே உருவிக்கிறேன்."

நெடுமாறனுக்கு அஷ்டமியும் கிடையாது, நவமியும் கிடையாது. அப்பா மில்லில் சங்கக் கொடி பிடித்தவர். வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளுக்கு நெடுமாறன், செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்தவர். மகனிடம் அதெல்லாம் ஒட்டிக்கொண்டது. மகளிடம் பெயரோடு நின்றுவிட்டது. ஆனாலும் பொது இடத்தில் தங்கச்சியோடு மல்லுக்கு நிற்க அவருக்கு மனசு வராது. கையை எடுத்துக்கொண்டார்.

"பாத்துக்கோங்கம்மா. பேட்டரி கனெக்ஷன தடுத்து வச்சிருக்கறதே இந்தப் பட்டிதான்" என்றார் கடைக்காரர். "இத உருவுனாதான் உயிர் வரும். உருவலன்னா கைப்பிடிய எவ்ளோ சுத்துனாலும் ஊமதான்."

"எல்லாம் தெரியும், பில்லு போடுங்க" என்றாள் செல்வி. அவள் கண் இன்னும் பக்கத்தில் இருந்த சிவப்புப் பாட்டுப் பெட்டிமேல்தான் இருந்தது. விளக்கெல்லாம் எரிகிறது, போனோடு சேர்த்துக்கொள்ளலாம், பென்டிரைவ் போடலாம். அதைத்தான் கடைக்காரரும் முதலில் எடுத்து வைத்திருந்தார். நெடுமாறன் ஒரே கேள்விதான் கேட்டார், கரண்டு போயிட்டா? சார்ஜ் நிக்கும் சார் என்றார் கடைக்காரர். சார்ஜும் போயிட்டா? அதற்குப் பிறகுதான் கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி இந்தப் பெட்டியை இறக்கினார். பக்கவாட்டில் மடக்குக் கைப்பிடி, தலையில் வெயிலில் சார்ஜ் ஏற ஒரு சின்னத் தகடு, நெற்றியில் டார்ச். நெடுமாறன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்த்தார். இருட்டில் தடவியே போட வர வேண்டுமாம். பெண் பார்க்கப் போனபோதுகூட அண்ணன் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

நேரு வீதிக் கூட்டத்தில் நடந்துகொண்டே அவர் சொன்னார். "என்கிட்ட ஒரு ரேடியோ இருக்குது, இது ஒனக்கு. இதுல ஒரு ஏற்பாடு இருக்குது செல்வி. மழ புடிச்சா ரேடியோவ போட்டு வையி. தாழ்வான தெருவெல்லாம் காலி பண்ணச் சொல்லுவாங்க. சொன்ன ஒடனே ஸ்கூல் மாடிக்குப் போயிடு. வேற எங்கயும் போவாத. நான் அங்க வந்து பாக்கறேன். நீ அங்க இல்லன்னா வீட்டுலதான் மாட்டிக்கினு இருக்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

"போன் இல்லியா?"

"டவர் விழுந்துட்டா? முன்ன புயல்னா மில்லுலேருந்து சங்கு ஊதுவான். ஊரே முழிச்சிக்கும். இப்ப யாரு ஊதறது?"

"அதான் நீ இருக்கியே, ஊருக்கே சங்கு ஊத." அவர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் விஷயத்தை விடவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். நெல்லித்தோப்பில் அவள் வாடகைக்கு இருந்த தெரு ஒரு பள்ளம். புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் சிந்துஜா ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு தங்கச்சி அந்தப் பள்ளத்தில் ஒண்டியாக இருக்கிறாள் என்பது அவருக்கு ஆறாத கவலை.

மறுநாள் பூஜையில் அரிவாள்மனை, தையல் மெஷின், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ரேடியோவும் உட்கார்ந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. உருவ வேண்டியதுதான் பாக்கி. நல்ல நேரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, நல்ல நேரம் வரும்போது வேறு வேலை வந்துவிடும். குழம்பு பொங்கியது, பக்கத்து வீட்டிலிருந்து பொரி, சுண்டல் கொடுக்க வந்தார்கள். அப்புறம் ரேடியோ திரும்பவும் தன் பிளாஸ்டிக் உறைக்குள் போய், ஷோகேஸில் சிந்துஜா வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் அழகாக நின்றது. செல்வி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சட்டை உண்டு, மிக்ஸிக்குப் பாவாடை உண்டு. உறை பிரித்தால் பொருள் பழசாகிவிடும் என்பது அவளுக்குக் கை வழியாக ஏறிய ஞானம்.

உப்பளத்தில் அண்ணன் வீட்டிலிருந்து பழைய துறைமுகம் நடக்கிற தூரம். கடலில் காற்றழுத்தம் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், அவர் போய்ப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் போடுவார். "மூணாம் நம்பர் ஏத்திட்டான் செல்வி. ரேடியோவ போட்டியா?" போட்டுட்டேண்ணா என்பாள் அவள், தோசையைத் திருப்பிக்கொண்டே. கூண்டு ஏறிய புயலில் பாதி ஆந்திரா பக்கம் போய்விட்டது, மீதி கடலிலேயே கரைந்தது. கூண்டில் ஏத்த வேண்டியது அண்ணனைத்தான் என்று கம்பெனியில் சொல்லிச் சிரித்தாள். போன் மணி அடித்தால் சில சமயம் எடுக்காமலும் இருந்தாள்.

கார்த்திகையில் அந்தப் புயல் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஊருக்குமேல் வந்து உட்கார்ந்துகொண்டு விடிய விடியக் கொட்டியது. காலையில் செல்வி எழுந்தபோது கரண்டு இல்லை, போனில் உயிர் இல்லை, வாசல் படியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் ரேடியோ ஞாபகம் வந்தது. உறையை மேலே கொஞ்சம் ஏற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். சத்தமில்லை. பொத்தானை அமுக்கினாள், திருகினாள், மறுபடி சுற்றினாள். கை வலித்ததுதான் மிச்சம். "நல்லா பாத்து வாங்கனாரு பொருளு" என்று அண்ணனைத் திட்டிவிட்டு ஷோகேஸில் திருப்பி வைத்தாள். பட்டியின் நினைப்பு அவளுக்கு வரவே இல்லை. சந்தனம் காய்ந்து அது ரேடியோவின் அடியோடு ஒட்டிப் போயிருந்தது.

எதிர்வீட்டு மாடியிலிருந்து குஞ்சம்மாள் கைதட்டிக் கூப்பிட்டாள். பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, செல்வி கதவை இழுத்துச் சாத்தினாள். தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. வெளியே பூட்டுத் தொங்காது. பத்தே எட்டில் எதிர்வீடு. ஸ்கூல் மாடி என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் இந்த மழையில் அவர் எங்கே வரப் போகிறார்?

குஞ்சம்மாள் வீட்டில் சுடச்சுட உப்புமா. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பழங்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்வானேன், செல்விக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. தனியாகச் சாப்பிடாத ஒரு காலை வேளை. நடுவில் குஞ்சம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"கீழ யாரோ கூப்புடற மாதிரி இல்ல?"

"மழைக்கு எல்லாமே கூப்புடற மாதிரிதான் கேக்கும் அக்கா" என்று செல்வி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

மழை விட்டுக் கீழே இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. அவள் வீட்டுக் கம்பிக் கதவில் ஒரு கறுப்புக் குடை, வளைந்த பிடியால் பத்திரமாக மாட்டப்பட்டிருந்தது. பஸ்ஸானாலும் ஆஸ்பத்திரியானாலும் கிடைத்த கம்பியில் குடையை இப்படி மாட்டிவிட்டு நிற்கிறவர் ஒருத்தர்தான். செல்வி அண்ணனைத் தேடித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.

மற்றதைப் பால் பூத் கமலக்கண்ணன் சொன்னார். நெடுமாறன் ஸ்கூல் மாடியில் தேடிப் பார்த்துவிட்டு, மார்பளவு தண்ணீரில் வந்திருக்கிறார். கதவைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார். வெளியே பூட்டில்லை, அதனால் உள்ளேதான் மயங்கிக் கிடக்கிறாள் என்று பின்பக்க ஜன்னலுக்குச் சுற்றிப் போனவர், மூடி இல்லாத சாக்கடையில் காலை விட்டுவிட்டார். கமலக்கண்ணனும் இன்னும் நாலு பேரும் தூக்கி, டிராக்டரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மடியில் கட்டிக்கொண்டு வந்த அவருடைய சொந்த ரேடியோ சாக்கடையோடு போயிற்று.

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷனுக்கு முன்னால் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். நெடுமாறன் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது இதுதான். "ரேடியோவுல சொன்னாங்களே, கேட்டியா?"

வலியில் முகம் கோணிக் கிடந்தவரிடம் உப்புமாவைப் பற்றி எப்படிச் சொல்வது? "கேட்டேண்ணா."

"ஸ்கூலுக்குப் போயிட்ட?"

"போயிட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. அந்த வலியிலும் ஒரு சிரிப்பு வந்தது. "நல்லது. கூட்டத்துல எனக்குத்தான் ஒன்ன தெரியல." அந்த நிமிடத்துக்கு அந்தப் பொய் மருந்து மாதிரி இருந்தது. அது நாளுக்கு நாள் வேறாக மாறும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் உறவுக்காரர்களுக்கு அது ஒரு கதையாகிவிட்டது. "கண்ணெதிர இருந்த தங்கச்சிய விட்டுட்டு, சாக்கடையில போயி தேடியிருக்காரு மனுஷன்" என்று அண்ணி செல்வாம்பாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், நெடுமாறனும் சேர்ந்து சிரிப்பார். செல்வி மட்டும் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பி வந்து, சொல்லாமலே பஸ் ஏறுகிற ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்துகொண்டே போயின.

சிரிப்போடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. துறைமுகத்திலேயே நின்று கூண்டு நம்பரைச் சொன்ன மனுஷன், எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவர், இப்போது பேப்பரைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "எனக்கு இப்ப சரியா தெரியறதில்ல" என்பது அவர் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. மகன் கண் டாக்டரிடம் கூட்டிப் போனான். லேசாகப் புரை ஆரம்பம், இப்போதே எடுக்க வேண்டும் என்றில்லை, விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்றார் டாக்டர். எடுத்துவிடலாம் என்றார் நெடுமாறன். அதைக் கேட்ட அன்று செல்விக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அவர் இடுப்பை ஒடித்தது போதாதென்று கண்ணையும் பிடுங்கிவிட்டோமே என்று இருந்தது.

அடுத்த ஐப்பசியில், வங்கக் கடலில் மறுபடி ஏதோ உருவாகிறது என்ற பேச்சு வந்தபோது, அவர் போன் பண்ணவில்லை. அண்ணிதான் கூப்பிட்டாள். "அவரு ரேடியோதான் தண்ணியில போச்சே. ஒன்னோடத எடுத்தாயேன். பக்கத்துல இருந்தா கொஞ்சம் தெம்பா இருப்பாரு."

செல்வி ஷோகேஸிலிருந்து எடுத்து, உறையைக் கழற்றி, ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். மேலே, பக்கத்தில், முன்னால். சுற்றிப் பார்த்தாள், அதே ஊமை. நடுவுல கெட்டுப்போச்சுண்ணா என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை. பஸ்ஸில் உப்பளம் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நெடுமாறன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். செல்வாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"புயலுக்கு அப்புறம் இது பாடறதில்லண்ணா. கெட்டுப்போச்சு போல."

"குடு, பாக்கலாம்." கடையில் செய்த மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கைப்பிடி, பொத்தான், தகடு. பிறகு திருப்பினார். அவர் விரல் அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. நகத்தால் மெல்லச் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொடியாக அவர் வேட்டிமேல் உதிர்ந்தது. அதற்கடியிலிருந்து பிளாஸ்டிக் பட்டியின் நாக்கு எழுந்து நின்றது.

உருவலன்னா ஊமதான் என்று கடைக்காரர் சொன்னது செல்விக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் பட்டியை உருவினார். அது ஒரு சின்னக் கீச்சோடு வெளியே வந்தது. கண்ணைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அதைப் பிடித்து, முன்னும் பின்னும் வெகுநேரம் பார்த்தார். தங்கச்சியைப் பார்க்கவில்லை.

"செல்வாம்பா" என்றார். "அந்தக் கண்ணு ஆபரேஷன் இப்ப வேணாம்னு பையன்கிட்ட சொல்லிடு."

"ஏன், இன்னா ஆச்சு திடீர்னு?"

"ஒன்னும் ஆவல. கண்ணு நல்லாத்தான் தெரியுது."

பட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் கரகரவென்று இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் நிதானமாக எழுந்து, காற்றின் வேகத்தையும் கடலோர ஊர்களின் பெயர்களையும் சொல்லத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் கை தளர்ந்தது. ரேடியோவைத் தங்கச்சி பக்கம் நகர்த்தினார்.

"சுத்து" என்றார். "நின்னுடப் போவுது."

செல்வி தரையில் உட்கார்ந்து, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு சுற்றினாள். அண்ணன் ஜன்னல் வழியாகத் துறைமுகத்துப் பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் ஒவ்வோர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தது. கை வலித்தது. அவள் நிறுத்தவில்லை.